கருப்பட்டி கொடுக்காத பாறை

இப்போது டிரைவர் ஒரு ஹார்ன் அடித்தானே, அதற்கு உங்களுக்கு எப்படித் தூக்கிப் போட்டது அக்கா. மடியிலிருந்த பை கீழே விழுந்துவிட்டது. இந்தாருங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று சீட்டுக்கு அடியில் உருண்டிருக்கிறது, காலால் தள்ளித் தருகிறேன். முன்னால் இருக்கிற பெரியவர் டிரைவரின் பரம்பரையையே திட்டி முடித்துவிட்டார். இப்போது இவளைப் பாருங்கள். என் மகள்தான். கண்ணையாவது சிமிட்டினாளா? ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு பனைமரம் பார்த்து வருகிறாள்.

இவளுக்குப் பயம் என்பதே கிடையாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். கோயில் திருவிழாவில் எங்கள் வீட்டு வாசலில்தான் வேட்டுப் போடுவார்கள். தெருவில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் தாயின் சேலைக்குள் புகுந்து கத்தும். இவள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மாதக் குழந்தை. நான் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பாருங்கள், இது என் பிள்ளை, தூத்துக்குடிப் பிள்ளை, உங்கள் ஊர் பயந்தாங்கொள்ளிக் கூட்டத்தோடு இதைச் சேர்க்காதீர்கள் என்று. என் மாமியார் முகம் அப்போதே ஒரு மாதிரி ஆனது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர் ஜோவிட்டா. வயது இரண்டரை. பேச்சு இன்னும் வரவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் இதைத்தான் கேட்கிறார்கள். பாப்பா பேர் என்ன, பாப்பா சொல்லு, பாப்பாவுக்கு நாக்கு இல்லையா. நாக்கு இருக்கிறது. சில பிள்ளைகள் தாமதமாகப் பேசும். பெரிய பெரிய விஞ்ஞானிகளே நாலு வயதில்தான் வாயைத் திறந்தார்களாம், எங்கேயோ படித்தேன்.

நான் கான்வென்டில் படித்தவள் அக்கா. படித்த பள்ளிக்கூடத்திலேயே யு.கே.ஜி. டீச்சராகவும் இருந்தேன். பேச்சுப் போட்டியில் நான்கு வருடம் தொடர்ந்து கப் வாங்கியவள். சிஸ்டர் லியோனில்லா சொல்வார்கள், ஜெசிந்தா மேடையில் ஏறினால் மைக் தேவையில்லை என்று. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் எங்கே கட்டிக் கொடுத்தார்கள் தெரியுமா? சங்குமுனை. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். திருச்செந்தூரிலிருந்து மினி பஸ் பிடிக்க வேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு நாலு தடவைதான். மாப்பிள்ளை குவைத்தில் வேலை, நல்ல குணம், எல்லாம் சரி. ஆனால் ஊர்? ஊர் முழுக்க ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் தேங்காய். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வரிசையில் முட்டி போடுகிற பெண்கள் திங்கட்கிழமை ஒரு பாறைக்கு முன்னால் போய் மெழுகுதிரி கொளுத்துவார்கள்.

அந்தப் பாறையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கூப்பிட்டாள் பாறை என்று பெயர். இப்போது டூரிஸ்ட் வேறு வருகிறார்கள், வேன் போட்டுக்கொண்டு. குளிர் கண்ணாடியும் தொப்பியுமாகப் பாறையின் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அலை அடித்து ஒருவனுடைய செல்போன் போன அன்றைக்கு ஊரே சந்தோஷமாக இருந்தது.

கதை கேளுங்கள். ஒரு காலத்தில் தொம்மாசி என்று ஒருத்தி இருந்தாளாம். அவள் புருஷன் சங்கு குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. இவள் பாறையில் உட்கார்ந்து நாற்பது நாள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். சோறில்லை, தண்ணீரில்லை, கூப்பாடு மட்டும்தான். நாற்பதாவது நாள் தொண்டையிலிருந்து குரல் கழன்று பாறையில் இருந்த ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. மறுநாள் அந்த ஆள் சாவகாசமாக வந்து இறங்குகிறான். காற்று தள்ளி வேறு ஏதோ கரையில் ஒதுங்கியிருந்தானாம், அங்கே நன்றாகச் சாப்பிட்டுக் கொஞ்சம் சதையும் போட்டிருந்தானாம். இவளுக்கு அவனைத் திட்டக்கூடக் குரல் இல்லை. எனக்கு அந்தக் கதையிலேயே துக்கமான இடம் அதுதான். மற்றவர்கள் வேறு எதற்கோ அழுவார்கள்.

ஆக, சொந்தக்காரி இல்லாத ஒரு குரல் பாறைக்குள் சும்மா கிடக்கிறது. பேச்சு வராத பிள்ளைகளுக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறை கிள்ளிக் கொடுக்கிறது. இது அவர்கள் கண்டுபிடிப்பு. என்ன நடக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பாறைக்கு அடியில் பொந்து. அலை உள்ளே புகுந்து காற்றை நெருக்குகிறது. காற்று மேலே இருக்கிற ஓட்டை வழியாகப் பீறிட்டு வருகிறது. ஆனி, ஆடியில் காற்று ஏறும்போது சத்தம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். இதை நான் மாமியிடம் பேப்பரில் படம் போட்டே விளக்கினேன். மாமி முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிம்மா. எந்தக் கிழமை போவோம்?" என்றார்கள்.

மூன்று மாதம் தொந்தரவு செய்தார்கள். சோறு போடும்போது பாறை. துணி மடிக்கும்போது பாறை. வீடியோ காலில் அவரும் சேர்ந்துகொண்டார். "அம்மா ஆசைக்கு ஒரு தடவை போயிட்டு வந்திரேன் ஜெசி. என் பிள்ளை என்னை அப்பான்னு கூப்பிடணும்னு எனக்கும் இருக்காதா?" ஒரு பி.காம். படித்தவர். கடைசியில் சரி என்றேன். எதற்குத் தெரியுமா? போய்விட்டு வந்து, பாருங்கள் ஒன்றும் நடக்கவில்லை என்று காட்டுவதற்கு.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலையில் போனோம். கடல் அன்றைக்கு நன்றாக ஏறியிருந்தது. எங்களுக்கு முன்னால் நாலு பிள்ளைகள். சாத்தான்குளத்திலிருந்து ஒரு பையன், அவன் அப்பா மடியில். உடன்குடிப் பக்கம் இரட்டைப் பிள்ளைகள். இன்னொன்று ஞாபகமில்லை. தூய மாதாவே, அதைக் கோயில் என்று நினைத்துவிடாதீர்கள். கோயிலும் இல்லை, குருசடியும் இல்லை. வழுக்குகிற கறுப்புப் பாறை, நடுவில் பானை வாய் அளவு ஓட்டை, பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி. அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள் மகாராணி.

செவத்தியம்மாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். தொம்மாசியின் வழியில் வந்தவளாம், அவள் வீட்டுப் பெண்கள்தான் தலைமுறை தலைமுறையாகப் பாறையில் உட்கார்வார்களாம். மற்ற நாளில் தெருத்தெருவாகக் கருவாடு விற்பாள். நைலக்ஸ் சேலை, ரவிக்கைக்குள் செல்போன். நாங்கள் போய் நின்றபோது போனில் யாரையோ வைதுகொண்டிருந்தாள். "நெத்திலிய வெயில்ல போடச் சொன்னா நிழல்ல போட்டிருக்க, ஒனக்கு நான் எத்தன தடவ சொல்லுதது?" இவள்தான் என் பிள்ளைக்குக் குரல் வாங்கித் தரப் போகிறவள்.

முறை இப்படி. தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். ஓட்டை முதுகுக்குப் பின்னால் இருக்கும். யாரும் பேசக் கூடாது. தாய் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே கூடாது. செவத்தியம்மாள் மட்டும் எதிரில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தையே பார்ப்பாள். அலை வந்து, பாறை கூப்பிடும். பிள்ளை திடுக்கிட்டு அழும். அழுததும் குரல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளையின் நாக்கில் ஒரு துண்டு கருப்பட்டியைத் தடவி, "போ, இனி ஒங்க அம்மைய நாள் பூரா கூப்பிடு" என்று சொல்லி அனுப்புவாள். தேங்காயும் மெழுகுதிரியும் அவளுக்கு.

சாத்தான்குளத்துப் பையன் பாறை கூப்பிட்டதும் அப்பாவின் சட்டையைக் கிழித்துவிட்டான். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று அலறியது, அது அலறியதைப் பார்த்து மற்றது அலறியது. எல்லாவற்றுக்கும் கருப்பட்டி. அழுதுகொண்டே சப்பிக்கொண்டு போயின. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு வயதுப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் வெடி போடுவது மாதிரி சத்தம் போட்டால் அழாமல் என்ன செய்யும்? இதற்கு ஒரு தொம்மாசி வேண்டுமா?

எங்கள் முறை வந்தது. நான் கண்ணை மூடவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லாத விஷயத்துக்கு நான் ஏன் மூட வேண்டும்? மூடுகிற மாதிரி குனிந்து ஜோவிட்டாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலை வந்தது. சத்தம் என்றால், அக்கா, உண்மையைச் சொல்கிறேன், என் பல்லெல்லாம் ஆடியது. நானே துள்ளிவிட்டேன். ஜோவிட்டா தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்த மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கு என்ன பெருமை. நாலு பிள்ளைகள் அலறிய இடத்தில் என் பிள்ளை சிரித்தது. சாத்தான்குளத்துக்காரர் இன்னும் போகாமல் நின்றார், அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

செவத்தியம்மாள் சிரிக்கவில்லை. "நீ துள்ளுனதுக்குத்தாம்மா பிள்ளை பாத்துச்சு. நீ எந்திச்சு அங்கிட்டு போ" என்றாள். ஒரு சாக்கை மடித்துப் போட்டு ஜோவிட்டாவைத் தனியாக அதில் உட்கார வைத்தாள். நான் இரண்டு எட்டு தள்ளி நின்றேன். இரண்டாவது தடவை பாறை கூப்பிட்டது. தண்ணீர் சிதறி என் சேலை நனைந்தது. ஜோவிட்டா சாக்கில் ஒட்டியிருந்த சிப்பித் துண்டு ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

மூன்றாவது தடவைக்குள் அவள் சாக்கைத் தாண்டிக் கையைப் பாறையில் ஊன்றியிருந்தாள். கூப்பிட்டதும் கையைச் சட்டென்று எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பாறையில் வைத்தாள், இன்னொரு தடவை வேண்டும் என்கிற மாதிரி. அவளுக்கு அது பழக்கம். வீட்டில் மிக்ஸி ஓடினால் ஓடிவந்து மேடையில் கை வைப்பாள். மோட்டார் ஓடினால் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். நான் பாடினால் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். சங்கீத ஞானம் அக்கா. என் அம்மா வழியில் எல்லோரும் பாட்டுக்காரர்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கருவாட்டுக்காரி செய்ததைக் கேளுங்கள். எழுந்து ஜோவிட்டாவுக்குப் பின்னால் போய் நின்று, "ஜோவிட்டா" என்று கூப்பிட்டாள். சும்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு கொஞ்சம் பலமாக. பிறகு கையைத் தட்டி. என் பிள்ளை அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் திரும்ப வேண்டும்? முன்பின் தெரியாத ஒருத்தி கூப்பிட்டால் திரும்பாதே என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

செவத்தியம்மாள் வந்து எங்கள் தட்டை எடுத்தாள். தேங்காய், மெழுகுதிரி, பூ, எல்லாவற்றையும் அப்படியே மாமியின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு நான் கருப்பட்டி தர முடியாது" என்றாள்.

நினைத்துப் பாருங்கள். நான் அந்தப் பாறையை நம்பி வரவில்லை. கருப்பட்டியை எதிர்பார்த்தும் வரவில்லை. ஆனால் வந்த பிள்ளைகள் அத்தனைக்கும் கொடுத்துவிட்டு என் பிள்ளைக்கு மட்டும் இல்லை என்றால்? அழுத பிள்ளைக்கெல்லாம் பரிசு, அழாத பிள்ளைக்குத் தண்டனையா?

"ஏன், எம் பிள்ளைக்கு என்ன கொறை?" என்று கேட்டேன். நான் அந்த ஊர்ப் பேச்சில் பேசுவதில்லை. அன்றைக்கு அதுதான் வந்தது.

"கொறைன்னு நான் சொல்லல. பிள்ளைக்குக் கொரலு இருக்கு, அது சிரிக்கையிலயே கேட்டேன். வழிதான் அடச்சிருக்கு. இதுக்குப் பாறை ஒன்னும் செய்யாது. காதுக்குப் பாக்குத டாக்டர்கிட்ட கொண்டு போம்மா."

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல. அதான் டாக்டர்கிட்ட போவச் சொல்லுதேன்."

"அழலன்னா காது கேக்கலன்னு அர்த்தமா? எங்க பிள்ளை தைரியமான பிள்ளை."

"தைரியமான பிள்ளையும் நெறைய பாத்திருக்கேன்" என்றாள். "தைரியமான பிள்ளை அழாது. ஆனா திரும்பிப் பாக்கும். இப்படி இருந்து சிப்பி பொறுக்குன பிள்ளை, நான் இந்தப் பெட்டியில உக்காந்த பத்தொம்பது வருசத்துல இதோட எட்டு. முன்னால வந்த ஏழுக்கும் காதுதான்."

எட்டு என்று கையைக் காட்டினாள், கருவாடு எண்ணுகிற மாதிரி. கையெழுத்துப் போடத் தெரியாதவள். எனக்குக் காதைப் பற்றிச் சொல்கிறாள். நான் ஒன்பதாம் வகுப்பில் காதின் படம் வரைந்து பாகம் குறித்துப் பத்துக்குப் பத்து வாங்கியவள். சுத்தி எலும்பு, பட்டை எலும்பு, அங்கவடி எலும்பு, நத்தை எலும்பு. சிஸ்டர் என் நோட்டை எல்லா செக்ஷனுக்கும் கொடுத்தனுப்பினார்கள். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவேன்.

மாமி அந்தப் பாறைக்காக என்னோடு மூன்று மாதம் சண்டை போட்டவர்கள் இல்லையா. அவர்கள் செவத்தியம்மாளைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. திருப்பிக் கொடுத்த தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். "நாளைக்கே திருநெல்வேலி போவோம் ஜெசிந்தா" என்றார்கள். "எனக்கு அந்த வேட்டுப் போட்ட அன்னைக்கே மனசுல ஒன்னு குத்திச்சு. சொன்னா நீ ஒடஞ்சு போவன்னுதான் பாறைன்னு கூட்டியாந்தேன்." இது எப்படி இருக்கிறது? எல்லோரும் சேர்ந்து போட்ட நாடகம். பாறையை நம்புகிறவர்கள் டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். படித்தவள் நான், என்னைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

நான் எங்கேயும் போகவில்லை. வரும் வழியில் கடையில் நின்று அரைக் கிலோ கருப்பட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் ஜோவிட்டாவின் வாயில் துண்டு துண்டாக ஊட்டினேன். எந்தப் பிள்ளைக்கும் குறையாமல் என் பிள்ளை தின்னட்டும் என்று. இரண்டு நாள் வயிற்றால் போனது. அதற்கும் மாமி அழுதார்கள்.

அது ஆடி. இப்போது கார்த்திகை. இந்த நாலு மாதமும் அந்தச் செவத்தியம்மாள் வாராவாரம் எங்கள் தெருவுக்கு வருவாள். நாங்கள் கருவாடு வாங்குவதை நிறுத்திவிட்டோம், அதாவது நான் நிறுத்திவிட்டேன். இருந்தாலும் கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். ஜோவிட்டா தானாகத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் நின்று, பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்துவிட்டுப் போவாள். ஜோவிட்டாவும் கையை விரித்துக் காட்டுவாள். இப்போது நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவள் முன்னால் மண்டி போட்டு, "அம்மா சொல்லு, அம்மா" என்கிறேன். என் வாயையே பார்க்கிறாள். நான் எப்படி வாயைத் திறக்கிறேனோ அப்படியே திறக்கிறாள். சத்தம் மட்டும் வருவதில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்கிற பிள்ளைக்குக் கேட்காது என்று எவளோ சொல்கிறாள்.

அங்கன்வாடி டீச்சர் ஒருமுறை சொன்னாள். பங்குச் சாமியார் ஒருமுறை சொன்னார். அவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிவிட்டேன். நான் பதில் சொல்வதில் கெட்டிக்காரி அக்கா, பேச்சுப் போட்டியில் எதிரணிக்கு என்னைத்தான் போடுவார்கள்.

ஸ்ரீவைகுண்டம் வந்துவிட்டதா? நிறையப் பேர் இறங்குகிறார்கள். நீங்கள் திருநெல்வேலி வரைக்கும்தானே? நல்லது.

போன வாரம் என்ன நடந்தது தெரியுமா. நான் கேட்டைச் சரியாகச் சாத்தவில்லை. இரண்டே நிமிடம். ஜோவிட்டா தெருவில் உட்கார்ந்து மணலில் கை வைத்து விளையாடியிருக்கிறாள். மீனுக்கு ஐஸ் கொண்டுவருகிற வண்டி ஒன்று அவளுக்குப் பின்னால் ரிவர்ஸில் வந்திருக்கிறது. ரிவர்ஸில் வரும்போது ஒரு பாட்டுப் போடுமே, அந்தப் பாட்டோடுதான் வந்திருக்கிறது. கிளீனர் வேறு கத்தியிருக்கிறான். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். நான் உள்ளிருந்து கேட்டேனே, எனக்கு அடுப்படியில் கேட்டது. ஓடி வருவதற்குள் கருவாடு தெரு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. செவத்தியம்மாள் கூடையைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்து இவளைக் காலைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அவள் முழங்கையில் தோல் கிடையாது. வண்டியின் டயர் நெத்திலி மேல் நிற்கிறது. டிரைவர்தான் குருடன். கண்ணாடி பார்த்து ஓட்டத் தெரியாதவனுக்கு எவன் லைசென்ஸ் கொடுத்தானோ.

அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவளோ ஜோவிட்டாவை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கருவாட்டைப் பொறுக்க ஆரம்பித்தாள். நசுங்கியதைத் தனியாக, நல்லதைத் தனியாக. நானும் பொறுக்கினேன். என்ன செய்வது, தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

அதனால்தான் இன்றைக்குக் கிளம்பினேன். தப்பாக நினைக்காதீர்கள், அவள் சொன்னதற்காக இல்லை. திருநெல்வேலியில் காது டாக்டரைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு நன்றாகக் கேட்கிறது என்று ஒரு சர்டிபிகேட் வாங்கப் போகிறேன். லேமினேஷன் பண்ணி அந்த ஐஸ் பெட்டியின் மேல் ஒட்டப் போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நானே வாசித்துக் காட்டுவேன். மாமிக்குத் தெரியாது. சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கேள்வி வரும். எதனால், யாரால் என்று வரும்.

டாக்டரும் கேட்பாராம். இவள் வயிற்றில் இருக்கும்போது எனக்கு ஏதாவது காய்ச்சல் வந்ததா என்று. வந்தது. மூன்றாம் மாதம், மூன்று நாள். கிளாஸில் பாதிப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்திருந்தது, அவர்களைத் தொட்டுத் தூக்கியது நான்தானே. வேலையை விடு, வீட்டில் இரு என்று மாமியும் அவரும் அப்போதே சொன்னார்கள். நான்தான் ஏழாம் மாதம் வரைக்கும் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். வீட்டுக்குள் அடைந்து கிடக்க நான் என்ன சங்குமுனைக்காரியா என்று கேட்டேன். எனக்கும் பொரிந்தது தெரிந்தால் பேச்சு வருமே என்று அம்மா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன், வேர்க்குரு என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்தக் காய்ச்சல் வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும் என்று போனில் ஒருநாள் படிக்க ஆரம்பித்தேன், பாதியில் மூடிவிட்டேன். போனில் போடுவதெல்லாம் உண்மையா என்ன.

நீங்கள் ஏன் என் கையைப் பிடிக்கிறீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. ஜன்னல் காற்றுக்கு இப்படித்தான் கண்ணில் தண்ணீர் வரும்.

ஒரு உதவி செய்வீர்களா அக்கா? பின் சீட்டு காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் அங்கே போய் உட்காருங்கள். இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உங்களைக் கவனிக்க மாட்டாள். அங்கேயிருந்து பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்கள். கத்த வேண்டாம், சாதாரணமாக. உங்கள் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. இந்த நாலு மாதத்தில் நான் ஒரு தடவைகூட அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. எப்போதும் முன்னால் போய் நின்று, முகம் பார்த்துத்தான் கூப்பிடுவேன். தூக்கி வைத்திருக்கும்போதும் முதலில் தோளைத் தொட்டுவிடுவேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஜன்னல் கம்பியிலிருந்து அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்கிறேன். இதோ, எடுத்துவிட்டேன். நான் ஆடவும் மாட்டேன். கண்ணை மூடிக்கொள்கிறேன், அன்றைக்கு மூடச் சொன்னார்கள், மூடவில்லை. நீங்கள் மட்டும் அவள் திரும்புகிறாளா என்று பாருங்கள். பேச்சையும் நிறுத்திவிடுகிறேன்.

கூப்பிடுங்கள்.

இன்னும் ஒரு தடவை. கொஞ்சம் பலமாக.

கேட்டது அக்கா. இரண்டு தடவையும் கேட்டது. எனக்கு நன்றாகக் கேட்டது.

முன்னாலேயே வந்து உட்காருங்கள். காது ஆஸ்பத்திரிக்கு எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று வந்ததும் சொல்லுங்கள், நான் பேசிக்கொண்டே வந்தால் விட்டுவிடுவேன். அந்தக் காய்ச்சலை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டுமா, கேட்டால் சொன்னால் போதுமா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவள் கையைப் பாருங்கள், மறுபடியும் கம்பிக்குப் போய்விட்டது. இருக்கட்டும், விடுங்கள்.